விடாத கிரகணம்

சுபானு வருஷம் ஆவணி மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, திருமுல்லைவாயில் ஏரிக்கு மேலே சூரியன் பச்சையாக எழுந்தது. பச்சை என்றால் ஏதோ ஒரு சாயல் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்றங்கால் பச்சை. கண் கூசவே இல்லை, வெறுங்கண்ணால் நேராகப் பார்க்க முடிந்தது. எருமை முதுகு, வேட்டி, மனுஷன் முகம், வெயில் விழுந்த இடமெல்லாம் பாசி பிடித்தாற்போல் ஒரு நிறம். மடை திறக்கப் போயிருந்த வேம்புலி மண்வெட்டியை வரப்பிலேயே போட்டுவிட்டு வீட்டைப் பார்க்க ஓடினான்.

ஓடியவனுக்குச் சூரியனைக் கண்டு பயமில்லை. அந்தப் பச்சையை அவன் முன்பே ஒரு தரம் பார்த்திருக்கிறான். அவன் பயந்ததெல்லாம் மாமியாருக்கு. அவன் பெண்சாதி பொன்னியம்மாவுக்கு அது நிறைமாசம்.

பயந்தது சரியாகத்தான் போயிற்று. அவன் வந்து சேர்வதற்குள் நாகம்மாள் மகளை உள்தடுப்பில் தள்ளிப் படலைச் சாத்தி, கூரை ஓட்டையெல்லாம் வைக்கோலால் அடைத்து, சுவர் விரிசலுக்குச் சாணி பூசிக்கொண்டிருந்தாள். நாகம்மாள் வேம்புலிக்கு மாமியார் மட்டுமல்ல, அப்பனோடு பிறந்த அத்தை. சின்ன வயதிலிருந்தே அவள் கையால் தின்று வளர்ந்தவன். அவளிடம் அவனுக்குப் பேச்சு எழும்பாது. “கிரகணம் புட்சிகீது மாப்ளே. உள்ள போவாதே” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் சாணியைக் குழைத்தாள்.

கிரகணத்தில் பிள்ளைத்தாய்ச்சி வெளிச்சத்தில் படக்கூடாது, ஒன்றையும் நறுக்கக்கூடாது, கிரகணம் விடுகிற வரைக்கும் சோறு தண்ணீர் தொடக்கூடாது. இது எந்த ஊரிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் இந்த வீட்டுக்கு அது வெறும் வழக்கம் இல்லை. போன வருஷம் வைகாசி கிரகணத்தன்று, கிரகணம் என்று தெரியாமலே, பொன்னியம்மா வயிற்றுப் பிள்ளையோடு கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். பிறந்த பிள்ளைக்கு மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. மார்பைச் சப்ப வரவில்லை. பஞ்சை நனைத்துப் பிழிந்தார்கள், பாலாடையில் புகட்டினார்கள், எல்லாம் மூக்கு வழியாக வந்தது. தாய் மார்பில் பால் கட்டி வலியில் துடிக்க, பிள்ளை பசியிலேயே செத்தது. கிரகணத்துக்கும் உதட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றைக்கு நீங்கள் கேட்பீர்கள். அன்றைக்கு அந்தக் குடிசையில் அப்படிக் கேட்க ஆள் கிடையாது. தன் கவனக்குறைவால்தான் பேரப்பிள்ளை போயிற்று என்று நாகம்மாள் அன்றிலிருந்து தினம் ஒருதரமாவது தலையில் அடித்துக்கொள்வாள்.

சரி, ஒரு பொழுதுதானே, கிடக்கட்டும் என்று வேம்புலியும் முதலில் சும்மா இருந்துவிட்டான். அதை நினைத்துப் பிற்பாடு அவன் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளாத குறை. நடுப்பகலில் சூரியன் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்து, சாயங்காலம் மறுபடியும் பச்சையாகி, பச்சையாகவே ஆவடிப் பக்கம் இறங்கிவிட்டது. அங்கேதான் வினை பிடித்தது. பண்ணைக்காரர் வீரராகவ நாயக்கர், பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர், சேரி முனைவரைக்கும் வந்து நின்று ஒரு விதி சொன்னார். பிடித்தபடியே சூரியன் விழுந்தால், மறுநாள் விட்ட சூரியனைக் கண்ணால் பார்த்து, தலை முழுகிய பிறகுதான் வாயில் தண்ணீர் பட வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை, சாஸ்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது. அமாவாசை இல்லாமல் சூரிய கிரகணம் எங்கேயாவது உண்டா ஆண்டே, பிறைச்சந்திரன் அதோ மேலே நிற்கிறதே என்று வேம்புலி கேட்டான். அந்தப் பிறையும் பச்சையாக இருந்ததை நாயக்கர் கையால் காட்டினார். பஞ்சாங்கத்தில் இல்லாத கிரகணம் என்றால் இன்னும் பொல்லாதது என்றார்.

மறுநாளும் சூரியன் பச்சையாகத்தான் வந்தது.

ஊர் ரெண்டுபட்டது. ஊர்த்தெய்வம் பச்சையம்மாவுக்குக் கோபம் என்று சிலர் குடம் குடமாகத் தண்ணீர் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினார்கள். உலகம் முடியப்போகிறது என்று கள்ளுக்கடையில் இருந்த கள்ளையெல்லாம் குடித்துத் தீர்த்தார்கள் சிலர். ஆம்பிளைகளும் சின்னப் பிள்ளைகளும் பசி தாளாமல் கமுக்கமாகக் கஞ்சி குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்கள். விதியெல்லாம் யார் தலையில் விடியும் என்பது தெரிந்ததுதானே. இருட்டுக்குள் பொன்னியம்மா மட்டும் கிடந்தாள். படலுக்கு வெளியே நாகம்மாள் கிடந்தாள். அவளும் ஒரு சொட்டுத் தண்ணீர் தொடவில்லை.

வேம்புலி வாய் திறந்தான். இது கிரகணமே இல்லை, சாம்பல், கரகத்தா மலையின் சாம்பல் என்று தெருவில் நின்று சொன்னான். சொன்னதுதான் தாமதம், சிரிக்கிற நிலையில் யாரும் இல்லாத அந்த நேரத்திலும் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அவனுக்கு ஊரில் நெருப்புமலை என்றே பட்டப்பெயர். ஆடியில் ஊர் திரும்பியதிலிருந்து கள்ளுக்கடையில் அவன் அளக்காத அளப்பில்லை. மிதக்கிற கல், மாவு மாதிரி மழை, மத்தியானத்தில் இருட்டு என்று ஆளுக்கொரு மொந்தை வாங்கிக் கொடுக்கும்வரை சொல்லிக்கொண்டிருப்பான். பாவம், அத்தனையும் நிஜம்.

அந்த மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தை மாதம் வயல் வேலை ஓய்ந்ததும் வேம்புலியும், பொன்னியம்மாவின் தம்பி சின்னப்பையனும் பட்டணத்தில் கப்பல் ஏறினார்கள். பினாங்கு, சிங்கப்பூர், பிறகு ஒரு நீராவிக் கப்பலில் கரி தள்ளும் வேலை. கப்பல் ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே இருக்கும் கடல் இடுக்கில் போகும். இடுக்கின் நடுவில் ஒரு தீவு, தீவு முழுக்க மலை. துரைமார் அதைக் கிரக்கட்டோவா என்பார்கள், வேம்புலியின் வாயில் அது கரகத்தா. எதிர்க்கரையில் அஞ்சேர் என்று ஒரு துறை. பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் அந்த மலை நெருப்புக் கக்கியதாம். அதற்கப்புறம் காடு மண்டி, ஆட்கள் போய் மரம் வெட்டிவரும் அளவுக்குச் சாதுவாகக் கிடந்தது.

வைகாசியில் அது விழித்துக்கொண்டது. அப்போது இவர்கள் கப்பல் அங்கேதான் நின்றது. தளம் முழுக்கச் சலித்த மாவு மாதிரி சாம்பல் விழுந்தது. நுரை போன்ற கல் கடல் கொள்ளாமல் மிதந்து வந்தது. அந்தச் சாம்பல் திரைக்குள் நின்று அண்ணாந்தால் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. அப்புறம் மலை தணிந்தது. துரைமார் கூட்டம் கப்பல் பிடித்துக்கொண்டு, என்னமோ தேர்த்திருவிழா மாதிரி வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. அஞ்சேர் படகுக்காரன் ஒருவன் மட்டும் தலையை ஆட்டினான். புகை விடுகிறவரை பயமில்லை, உள்ளே வாய் அடைத்துக்கொண்டால்தான் பயம் என்றான். அடைத்தது வெடித்தால் மலையே கடலுக்குள் சரியும், கடல் தென்னை உயரத்துக்கு எழுந்து கரை ஊர்களைக் கழுவிக்கொண்டு போகும், சுடுகாற்று தண்ணீர் மேலேயே பறந்து வந்து ஆட்களை நின்ற இடத்தில் வேக வைக்கும் என்றான். அதைக் கேட்டதும் வேம்புலி, பெண்சாதிக்கு மாசம் ஏறுகிறது என்று சாக்குச் சொல்லி ஊருக்குக் கிளம்பிவிட்டான். சின்னப்பையன் கிளம்பவில்லை. அஞ்சேரில் ஒரு மரைக்காயர் கடையில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது, அந்த ஊர்ப் பெண் ஒருத்தியின் மேல் மனசும் விழுந்திருந்தது. மலை அடங்கிப்போச்சு, நீ போ, நான் தை பொறந்தா வரேன் என்று சிரித்துக்கொண்டே கையாட்டினான்.

இதையெல்லாம் ஊருக்குச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், வேம்புலி ஒரு கலயத்தில் தண்ணீர் மொண்டுகொண்டு நேரே உள்ளே போனான். காலால் நெட்டினால் விழுந்துவிடும் ஓலைப்படல்தான். நாகம்மாள் காலைப் பிடித்துத் தடுத்தாள், உதறிவிட்டுப் போனான். படல் விலகி வெளிச்சம் விழுந்ததும் பொன்னியம்மா அலறிப்புடைத்துக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். முந்தானையை வயிற்றின் மேல் இழுத்து இழுத்து மூடினாள். அவன் கலயத்தை உதட்டருகே கொண்டுபோனால் பல்லைக் கிட்டித்துக்கொண்டாள். தாடையைப் பிடித்துத் திறக்கப் பார்த்தான். தண்ணீரெல்லாம் கழுத்தில் வழிந்ததே தவிர உள்ளே ஒரு மடக்குப் போகவில்லை. ஈரம் பட்டதும் அவள் தொண்டை தானாக ஏறி இறங்கியது. அதைப் பார்த்துத்தான் அவனுக்கு அழுகை வந்தது.

“என் ஒதட்ட தொறக்காத மாமா” என்றாள், தரையைப் பார்த்தபடி. “போன புள்ளையோட ஒதடு எனக்குத் தெரியும், உனக்கு இன்னா தெரியும். நீ கப்பல் கதை சொல்லுவே. என்னமோ போ. அம்மா வந்து விட்டுடுச்சின்னு சொல்லட்டும், நான் குடிக்கிறேன்.”

பிடிவாதத்தில் தாயும் மகளும் ஒரே அச்சு. அவன் படலைத் திரும்பச் சாத்திவிட்டு வெளியே வந்தான். அம்மா சொன்னால் குடிப்பாள். அப்படியானால் அத்தையைச் சம்மதிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று அவன் நினைத்தான்.

அன்று பொழுது சாயும்வரை நாகம்மாள் எதிரில் உட்கார்ந்து கெஞ்சினான். தான் அந்தப் பச்சையைக் கண்ணால் கண்டதையும், சாம்பல் கலைந்ததும் சூரியன் பழையபடி ஆனதையும், அன்றைக்குக் கப்பலில் தின்று குடித்த ஒருவனுக்கும் ஒன்றும் ஆகாததையும் திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. மறுநாள் காலையில் சூரியன் மறுபடியும் பச்சையாக வந்தது. உள்ளேயிருந்து பொன்னியம்மாவின் பேச்சுக் குழறத் தொடங்கியது. யாரையோ கூப்பிட்டாள், விறகு நனைகிறது எடுத்து வை என்றாள். அப்புறம் தெளிந்து, வயிற்றில் பிள்ளை நேற்றிலிருந்து சரியாக அசையவில்லை என்று மெதுவாகச் சொன்னாள். வேம்புலி அத்தையிடம் திரும்பினான்.

“அத்தே, ரெண்டு உசுரு போவுது” என்றான். “அது சாம்பல்தான். அந்த மலை மறுபடி வெடிச்சிகீது. இந்த மாசம் நடுவுல ராயபுரத்தாண்ட காத்தே இல்லாம கடலு உள்ள போய்ப் போய் வந்துதுன்னு வண்டிக்காரன் சொன்னானே, அதுவும் அந்த மலை பண்ண வேலைதான். நான் சத்தியம் பண்றேன்.”

நாகம்மாள் அப்போதுதான் முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள். உதடு வெடித்துக் கண் உள்ளே போயிருந்தது. அவள் நேற்றே இதை யோசித்து முடித்துவிட்டவள் மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

“மலை வெடிச்சி சாம்பலு இம்மாந்தூரம் வந்துதுன்றியே மாப்ளே. அப்போ மலைக்குக் கீழ கீறவன்?”

அட பாவி, இரண்டு நாளாக வாய் கிழியக் கத்தினாயே, இது உனக்குத் தோன்றவில்லையே என்று வேம்புலி தன்னையே வைதான். வைகாசியில் மலை சும்மா செருமியதற்கே கப்பல் தளம் மூடியது. அந்தச் சாம்பல் அங்கேயே நாலு நாள் வழிக்குள் அடங்கிவிட்டது. இப்போது கடல் கடந்து, நாள் கணக்கில் பயணம் பண்ணி, ஏரிக்கரையில் நிற்கிற எருமையைப் பச்சையாக்குகிறது. அப்படியானால் எவ்வளவு வெடித்திருக்க வேண்டும். அஞ்சேர் கடற்கரையை ஒட்டிய ஊர். மரைக்காயர் கடை அலை ஓசை கேட்கிற தூரத்தில்தான் இருந்தது. ராயபுரத்துக் கடலையே உலுக்கிய தண்ணீர், அங்கே எந்த உயரத்தில் போயிருக்கும்.

சின்னப்பையன் அவனுக்கு மைத்துனன் மட்டுமில்லை. ஒரே தட்டில் தின்றவர்கள், ஒரே கரிக்குழியில் வெந்தவர்கள். ஆனாலும் அந்த நேரத்தில் அவன் வாயிலிருந்து வந்தது பொய்தான். அது சின்ன வெடிப்பாக இருக்கும், சாம்பல் காற்றில் வந்துவிட்டது, பையனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அவன் கெட்டிக்காரன், மேட்டுக்கு ஓடியிருப்பான் என்று உளறினான்.

“சின்ன வெடிப்புன்னா சாம்பலு இங்க வராது” என்றாள் நாகம்மாள். “வந்துகீதுன்னா எம்புள்ள இல்ல. எம்புள்ள கீறான், தையில வரேன்னு சொல்லிகீறான். அதனால இது கிரகணந்தான். நீ எழுந்து போ.”

வேம்புலி எழுந்து போகவில்லை. அப்படியே குந்தியிருந்தான். பொன்னியம்மாவுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் சின்னப்பையன் செத்திருக்க வேண்டும். சின்னப்பையன் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் பொன்னியம்மா தண்ணீர் இல்லாமல் கிடக்க வேண்டும். மகனா மகளா என்று கேட்டு எந்தத் தெய்வமாவது ஒரு தாயை இப்படி நிறுத்துமா. அந்த மலை நிறுத்தியது. கிரகணம் பிடித்திருக்கிறது என்று நாகம்மாள் நம்பிக்கொண்டு கிடக்கவில்லை, பிடித்திருக்க வேண்டுமே என்று பிடித்துக்கொண்டு கிடந்தாள். அவளைக் குற்றம் சொல்ல அவனுக்கு வாயே வரவில்லை. தானும் அப்படியே நம்பிவிட்டால் எத்தனை நிம்மதி என்று ஒரு கணம் ஆசைகூடப் பட்டான்.

உள்ளே ஒரு முனகல் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

வேம்புலி கைகூப்பவில்லை, காலில் விழவில்லை. அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னான். அஞ்சேர் எப்படி இருக்கும் என்று சொன்னான். மேடே இல்லாத கரை, ஒரு பெரிய ஆலமரம், கீற்றுக் கொட்டகைகள், காலை வெளுத்தால் சின்னப்பையன் கடை முன்னால் தண்ணீர் தெளித்துப் பெருக்குவது. படகுக்காரன் சொன்னதை முதல் தடவையாக முழுதும் சொன்னான். ஊரில் கதை அளந்தபோது மலை, கல், இருட்டு எல்லாம் சொன்னானே தவிர, எழும் கடலையும் சுடுகாற்றையும் ஒருவரிடமும் சொன்னதில்லை. பெற்றவள் காதில் விழுந்துவிடும் என்று விழுங்கி வைத்திருந்தான். இப்போது அவளிடமே சொன்னான். ஓட நேரம் இருந்திருக்காது என்றான். கஷ்டப்பட்டிருக்கவும் நேரம் இருந்திருக்காது என்றான். அது நிஜமா என்று அவனுக்குத் தெரியாது.

“சின்னப்பையன் இல்ல அத்தே” என்றான். “போய்ட்டான். அவன நம்மால ஒண்ணும் பண்ண முடியாது. இவ இங்க கீறா.”

நாகம்மாள் கையை உருவிக்கொண்டு அவனைக் கன்னத்தில் அறைந்தாள். இன்னொரு தடவையும் அறைந்தாள். மூன்றாவது தடவை ஓங்கிய கை அவன் தோளில் விழுந்து அங்கேயே கிடந்தது. தெருவில் யாரோ கோயிலுக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் அதைப் பார்த்தாள். அப்புறம் சுவரைப் பிடித்து எழுந்தாள். நிற்க முடியாமல் தள்ளாடியவளை அவன் பிடிக்கப் போனான், வேண்டாம் என்று கையை விலக்கினாள். பானையிலிருந்து தானே கலயத்தில் தண்ணீர் மொண்டாள்.

படலை அவள் சாத்தவே இல்லை. விரியத் திறந்துவிட்டாள். பச்சை வெயில் உள்ளே போய்ப் பொன்னியம்மாவின் காலில் விழுந்தது. பொன்னியம்மா கண்ணைத் திறக்கச் சிரமப்பட்டாள்.

“விட்டுடுச்சாம்மா?”

“புடிக்கவே இல்லடி கண்ணு” என்றாள் நாகம்மாள். மகள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். “கிரகணம் இல்ல. உம் மாமன் சொன்னதுதான் நெசம். சாம்பலு. குடி.”

பொன்னியம்மா தாயின் முகத்தையே பார்த்தாள். காய்ந்து கிடந்த மூளைக்கு அது எட்டக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எட்டியதும் உதடு கோணியது. “அம்மா, அப்போ தம்பி” என்று ஆரம்பித்தாள்.

நாகம்மாள் கலயத்தை அந்த உதட்டில் வைத்துவிட்டாள். “அப்புறம் பேசலாம். மொதல்ல குடி. மெதுவா, கொஞ்சங்கொஞ்சமா.”

பொன்னியம்மா குடித்தாள். கண்ணீர் வழிந்துகொண்டேயிருந்தது, குடித்துக்கொண்டேயிருந்தாள். புரையேறியபோது நாகம்மாள் முதுகைத் தடவிக் கொடுத்து, மறுபடியும் கலயத்தை வைத்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வேம்புலி வாசற்படியிலேயே நின்றான், உள்ளே போகத் தைரியம் வரவில்லை. இரண்டாவது கலயம் பாதி ஆனபோது பொன்னியம்மா சட்டென்று குடிப்பதை நிறுத்தி, தாயின் கையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் அழுத்தினாள். நாகம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். உள்ளேயிருந்து ஒரு உதை வந்தது. அப்புறம் இன்னொன்று.

நாகம்மாள் மகள் தலையை மெல்ல இறக்கிப் பாயில் வைத்தாள். மீதித் தண்ணீரை மருமகன் கையில் கொடுத்தாள். நடுத்தெருவுக்குப் போய் நின்று, தலைமயிரை அவிழ்த்துவிட்டு, அந்தப் பச்சைச் சூரியனை நேருக்கு நேர் பார்த்து, மாரில் அடித்துக்கொண்டு, மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒப்பாரி வைக்கத் தொடங்கினாள்.